நேரில் பழகாத ஆளைப் பற்றி நம் மனதில் இருக்கும் படம்

ஓசூர் சிப்காட் பக்கம் ஒரு டீக்கடை. வேலை முடிந்து வரும்போது அங்கே நின்று ஒரு டீ குடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். போன மாதம் ஒருநாள் கடைக்கார அண்ணனிடம் பேச்சுவாக்கில் கேட்டேன்: "அண்ணா, நம்ம ஊர்ல நூறு பேரை வரிசையா நிறுத்தினா அதுல எத்தனை பேர் வடமாநிலத்துக்காரங்களா இருப்பாங்க?" டீயை ஆற்றிக்கொண்டே, யோசிக்காமல் பதில் சொன்னார். "பாதிக்குப் பாதி இருப்பாங்கப்பா. இன்னும் அஞ்சு வருஷம் போனா நாமதான் இங்க வெளியூர்க்காரங்க." பக்கத்தில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்த பையனுக்கு ஊர் பீகாரில் சமஸ்திபூர் பக்கம். 2021-லிருந்து அந்தக் கடையில்தான் வேலை, கடை மாடியில்தான் தூக்கம். அவனைப் பற்றிக் கேட்டால் மட்டும் அண்ணன் "அவன் நம்ம பையன்" என்பார்.

இந்தக் கட்டுரை அந்த இரண்டு பதில்களுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைப் பற்றியது. "அவர்கள்" என்று கூட்டமாக நினைக்கும்போது ஒரு கணக்கு வருகிறது, எதிரில் நிற்கும் ஆளைப் பார்க்கும்போது வேறு கணக்கு வருகிறது. முதல் கணக்கு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் செய்தியிலிருந்து. பேப்பர், டிவி, யூடியூப், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அண்ணனைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, இந்தத் தவறு உலகம் முழுக்க நடக்கிறது. 2014-ல் இப்சோஸ் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் 14 நாடுகளில் மக்களிடம் "உங்கள் நாட்டில் நூற்றுக்கு எத்தனை பேர் வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள்?" என்று கேட்டது. பிரிட்டனில் சராசரியாக 24 என்றார்கள், உண்மையில் 13. அமெரிக்காவில் 32 என்றார்கள், அங்கும் உண்மை 13. இத்தாலியில் 30 என்றார்கள், உண்மை வெறும் 7. படித்தவர்கள், வரி கட்டுகிறவர்கள், தினமும் செய்தி பார்க்கிறவர்கள் இருக்கும் நாடுகள்தான் இவை. தெருவில் கண்ணால் பார்த்து எண்ணியிருந்தால் நாலு மடங்கு தப்பு வர வாய்ப்பே இல்லை. எண்ணிக்கை வேறு எங்கிருந்தோ மனதுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது.

வால்டர் லிப்மன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் 1922-ல் இதை விளக்க ஒரு தீவைப் பற்றிச் சொன்னார். 1914-ல் கடல் நடுவில் ஒரு தீவில் ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், ஜெர்மானியர் என்று கொஞ்சம் பேர் ஒன்றாக வாழ்கிறார்கள். தந்தி வசதி கிடையாது. 60 நாளுக்கு ஒருமுறை தபால் கப்பல் வரும், அதுதான் அவர்களுக்குச் செய்தி. செப்டம்பர் நடுவில் கப்பல் வந்து சேர்ந்தபோதுதான் தெரிகிறது, அவர்களுடைய நாடுகள் ஆறு வாரமாகப் போரில் இருக்கின்றன என்று. அந்த ஆறு வாரமும் அவர்கள் நண்பர்களாகவே பழகிக்கொண்டிருந்தார்கள், சட்டப்படி எதிரிகளாக ஆன பிறகும். ஏனென்றால் செய்தி வந்து சேரவில்லை. நாம் உலகத்தைப் பார்த்து நடந்துகொள்வதில்லை, உலகத்தைப் பற்றி நம் தலைக்குள் இருக்கும் படத்தைப் பார்த்துத்தான் நடந்துகொள்கிறோம் என்பது அவர் சொன்னதன் சாரம்.

ஓசூர்க்காரர்களுக்கு இந்தத் தீவுக் கதையின் மறுபக்கம் நன்றாகத் தெரியும். 2016 செப்டம்பர் 12. காவிரிப் பிரச்சினையில் பெங்களூர் பற்றி எரிந்த நாள், ஒரே டிப்போவில் 40-க்கும் மேற்பட்ட தமிழ்நாட்டு ஆம்னி பஸ்கள் எரிக்கப்பட்ட நாள். என் அப்பாவுக்கு அப்போது பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. பஸ் எல்லாம் நின்றுவிட்டதால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளியிலிருந்து எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் ஜுஜுவாடி வரை ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்தே வந்துகொண்டிருந்தார், நாங்கள் வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். எங்கள் ஊர் கேபிளில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் வரும். தமிழ்ச் சேனலில் பஸ் எரியும் காட்சி, தமிழ்ப் பையன் ஒருவனை மண்டியிட வைத்து அடிக்கும் வீடியோ, மறுபடி பஸ், மறுபடி அந்தப் பையன். ரிமோட்டை மாற்றினால் கன்னடச் சேனலில் ராமேஸ்வரத்தில் கர்நாடக வண்டி டிரைவரை அடிக்கும் வீடியோ, மறுபடி மறுபடி அது. பக்கத்து வீட்டில் கன்னடம் பேசும் அக்கா குடும்பம் இருந்தது. காலையில்தான் எங்களிடம் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு போனார். சாயங்காலம் அவர்கள் வீட்டில் அவர்கள் டிவி, எங்கள் வீட்டில் எங்கள் டிவி, நடுவில் ஒரே சுவர். அன்று ராத்திரி எட்டு மணிக்கு இரண்டு வீடும் கதவைச் சாத்திக்கொண்டது. எங்கள் தெருவில் ஒரு கல்கூட விழவில்லை. ஆனால் இரண்டு வீட்டிலும் பயம் நிஜம். தீவில் செய்தி வராததால் எதிரிகள் நண்பர்களாக இருந்தார்கள், எங்கள் தெருவில் செய்தி வந்ததால் அண்டை வீட்டுக்காரர்கள் ஒரு ராத்திரி அந்நியர்களானோம்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பீகாரிலிருந்து ஓசூருக்கு வருகிறவர் வெளிநாட்டவர் இல்லை. அரசியலமைப்பின் 19-வது பிரிவு இந்தியாவில் எங்கும் போகவும், எங்கும் குடியிருக்கவும் குடிமக்கள் எல்லோருக்கும் உரிமை தந்திருக்கிறது. பென்னாகரத்திலிருந்தும் அரூரிலிருந்தும் கட்டட வேலைக்குப் பெங்களூர் போகிறவர்கள் இருப்பதும் அதே உரிமையில்தான். அதனால் ஐரோப்பா, அமெரிக்காவில் வெளிநாட்டுக் குடியேறிகளைப் பற்றி நடந்த ஆய்வுகளை அப்படியே இங்கே பொருத்திவிட முடியாது. ஆனாலும் "வெளியிலிருந்து வந்தவர்" என்ற எண்ணம் மனதில் உருவாகும் விதம் ஒன்றுதான், அதனால்தான் இரண்டையும் சேர்த்தே பேசுகிறேன்.

நிஜமாகவே வெளிநாட்டிலிருந்து வந்தவர்களும் நம் இரண்டு மாவட்டத்திலும் இருக்கிறார்கள். தருமபுரியில் தும்பலஅள்ளி அணை, கிருஷ்ணகிரியில் பாம்பாறு அணை என்று அணைக்கட்டுகளை ஒட்டி இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. செய்தி எப்படி மனநிலையை மாற்றுகிறது என்பதற்கு இவர்கள் கதையைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1983 ஜூலையில் கொழும்பில் நடந்த படுகொலைகள் செய்தியாக வந்தபோது தமிழ்நாடே கொதித்தது, கடையடைப்பு, ஊர்வலம், உண்டியல் வசூல். கடல் தாண்டி வந்தவர்களை "நம் ரத்தம்" என்று சொல்லி ஏற்றுக்கொண்டார்கள். அப்புறம் 1991 மே 21, ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொலை. மாதக்கணக்கில் பேப்பர் முழுக்க அதே செய்தி, தேடப்படுகிறவர்களின் படங்கள். அம்மா சொல்வார், 83-ல் எங்கள் தெருவில் வீடு வீடாக அரிசியும் துணியும் சேகரித்துக் கொடுத்தார்களாம், அதே தெருவில் 91-க்குப் பிறகு இலங்கைத் தமிழர் என்று தெரிந்தால் வாடகைக்கு வீடு கேட்கவே முடியாதாம். முகாமில் இருந்த மனிதர்கள் எட்டு வருடத்தில் மாறிவிடவில்லை. அதே குடும்பங்கள், அதே தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பு. அவர்களைப் பற்றி வந்த செய்திதான் மாறியது. தெருக்காரர்களில் யாரும் அந்த முகாமுக்குள் போய்ப் பார்த்துவிட்டு மனதை மாற்றிக்கொள்ளவில்லை.

இது எப்படி நடக்கிறது என்பதை ஆய்வாளர்கள் சில துண்டுகளாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள்.

முதல் துண்டு, எதைப் பற்றி நினைக்க வேண்டும் என்று செய்தி முடிவு செய்வது. 1968 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது மெக்கோம்ப்ஸ், ஷா என்ற இருவர் வட கரோலினாவில் சேப்பல் ஹில் என்ற ஊரில், யாருக்கு ஓட்டு என்று முடிவு செய்யாத 100 வாக்காளர்களிடம் "நாட்டின் முக்கியப் பிரச்சினைகள் எவை?" என்று கேட்டார்கள். அந்தப் பட்டியலையும், அந்தச் சமயம் பத்திரிகையும் டிவியும் எதற்கு எவ்வளவு இடம் கொடுத்தன என்ற பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வரிசை. 1972-ல் இது வெளியானது. இதற்கு 'நிகழ்ச்சி நிரல் அமைத்தல்' என்று பெயர். வெளியூர்க்காரர்கள் விஷயத்தில் இதன் பொருள் எளிது. அவர்களைப் பற்றி நல்லதோ கெட்டதோ, தினமும் செய்தி வந்துகொண்டே இருந்தால் போதும், "இது பெரிய பிரச்சினை போலிருக்கிறது" என்ற எண்ணம் தானாக வரும். ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் குடியேறிகள் பற்றிய செய்தி அதிகமான காலத்தையும், மக்களின் கவலையோ குடியேற்ற எதிர்ப்புக் கட்சிகளின் ஆதரவோ கூடிய காலத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் இரண்டுக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியிருக்கிறார்கள். வந்து சேர்ந்தவர்களின் எண்ணிக்கையைக் கழித்துப் பார்த்த பிறகும் அந்தத் தொடர்பு மறையவில்லை.

இரண்டாவது துண்டுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரே சம்பவத்தை எந்தச் சட்டத்துக்குள் (ஃபிரேமுக்குள்) வைத்துக் காட்டுகிறார்கள் என்பது. போட்டோவுக்குச் சட்டம் போடுவது போலத்தான், எதை உள்ளே விடுகிறோம், எதை வெட்டுகிறோம் என்பதில் படத்தின் அர்த்தமே மாறிவிடும்.

உள்ளூர் பக்கத்தில் வரும் ஒரு தலைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். "செல்போன் பறித்த வடமாநில வாலிபர்கள் 2 பேர் கைது." இதே குற்றத்தைப் பாலக்கோட்டுப் பையன் செய்தால் தலைப்பு "செல்போன் பறித்த வாலிபர் கைது" என்று வரும். 'பாலக்கோட்டு வாலிபர்' என்று வந்தாலும் நாம் அதைப் படித்துவிட்டுப் பாலக்கோட்டுக்காரர்கள் எல்லோரையும் சந்தேகப்பட மாட்டோம், ஏனென்றால் பாலக்கோட்டில் நமக்கு மாமா இருக்கிறார், தக்காளி மண்டியில் பழக்கம் இருக்கிறது, நல்லவன் கெட்டவன் இரண்டு பேரையும் தெரியும். 'வடமாநில' என்ற சொல்லுக்கு எதிரில் வைத்துப் பார்க்க அப்படி ஒரு மாமா நமக்கு இல்லை. எனவே அந்தத் தலைப்பு மட்டுமே முழுப் படமாக மனதில் தங்கிவிடுகிறது. அந்தச் செய்தி பொய் இல்லை என்பதையும் கவனியுங்கள். கைது நடந்தது உண்மை, அவர்கள் ஊரும் உண்மை. உண்மையான செய்திகளை மட்டுமே அடுக்கியும் தப்பான படத்தை உருவாக்க முடியும். எத்தனை லட்சம் பேரில் இரண்டு பேர் என்ற அந்த ஒரு எண்ணை விட்டுவிட்டால் போதும்.

இறந்துபோகும்போது இந்த வித்தியாசம் இன்னும் கூர்மையாகத் தெரியும். 2023 அக்டோபர் 7 அன்று அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடை வெடித்தது. அன்றே 14 பேர் இறந்தார்கள், பிறகு எண்ணிக்கை கூடியது. இறந்தவர்களில் பலர் அரூர் பக்கம் அம்மாபேட்டை கிராமத்து இளைஞர்கள், தீபாவளி சீசனுக்கு நாலு காசு சம்பாதிக்கப் போனவர்கள். நம் பேப்பர்களில் ஒவ்வொருவர் பெயரும் வந்தது. என்ன படித்தார்கள், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதெல்லாம் வந்தது, ஒரே ஊரில் வரிசையாகச் சிதை எரிந்த படம் வந்தது. படித்துவிட்டு அழாதவர் யார்? அப்படித்தான் எழுத வேண்டும், அதில் தப்பே இல்லை. அவர்களும் கர்நாடகத்தில் புலம்பெயர் தொழிலாளர்கள்தான். இப்போது நம் ஊர்க் கட்டட வேலையில் சாரம் சரிந்து ஒடிசாக்காரர் ஒருவர் இறந்தால் வரும் செய்தியை நினைத்துப் பாருங்கள். "வடமாநிலத் தொழிலாளி பலி", கீழே மூன்று வரி, போலீஸ் விசாரணை. அவருக்கும் ஒரு அம்மாபேட்டை இருக்கிறது. அங்கேயும் ஊரே அழுதிருக்கும். அந்தப் படம் நமக்கு வந்து சேராததால் அவர் நமக்கு ஒரு எண்ணாகவே போய்விடுகிறார்.

நாமே அந்த ஃபிரேமுக்குள் வேறு மாதிரி மாட்டிக்கொண்ட நாளும் உண்டு. 2015 ஏப்ரல் 7, ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் 20 தமிழர்கள் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்து மலைக்கிராமத்துக்காரர்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் அவர்கள் "செம்மரக் கடத்தல்காரர்கள்", இந்தப் பக்கம் "கூலித் தொழிலாளர்கள்". ஒரே உடல்கள், இரண்டு சொற்கள். ஒரு சொல் போலீசின் நியாயத்தைப் பேசியது, இன்னொன்று சித்தேரி மலையில் வேலை இல்லாததைப் பேசியது. தெலுங்குச் செய்தி மட்டும் பார்த்துக்கொண்டிருந்த ஒருவருக்கு தருமபுரிக்காரர் என்றால் என்ன படம் மனதில் வந்திருக்கும் என்று யோசித்தால், சமஸ்திபூர்க்காரரைப் பற்றி நம் மனதில் இருக்கும் படமும் எப்படி வந்தது என்று கொஞ்சம் பிடிபடும்.

சொற்களுக்கு இருக்கும் இந்த எடை அரசாங்கத்துக்கும் தெரியும். 2020 ஊரடங்கு சமயத்தில் தமிழ்நாடு அரசு 'விருந்தினர் தொழிலாளர்கள்' என்ற சொல்லைப் பயன்படுத்தியது. 2021-ல் 'இலங்கை அகதிகள் முகாம்' என்பதை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினார்கள். பெயர் மாற்றினால் ஒழுகும் கூரை நின்றுவிடாது, அது வேறு வேலை. ஆனால் 'அகதிப் பையன்' என்று பள்ளிக்கூடத்தில் கூப்பிடப்பட்ட ஒருவன் என் வகுப்பில் படித்தான், அந்தச் சொல் அவனை எப்படிக் குறுக வைத்தது என்று பக்கத்து பெஞ்சிலிருந்து பார்த்தவன் நான். அதனால் பெயர் மாற்றத்தைச் சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் எனக்கு ஒப்புக்கொள்ள மனம் வராது.

மூன்றாவது துண்டு மெதுவாக வேலை செய்வது. ஜார்ஜ் கெர்ப்னர் என்ற ஆய்வாளர் 1960-களின் கடைசியிலிருந்து, டிவி அதிகம் பார்ப்பவர்களையும் குறைவாகப் பார்ப்பவர்களையும் ஒப்பிட்டுக்கொண்டே வந்தார். அதிகம் பார்ப்பவர்களுக்கு, தங்கள் தெரு எவ்வளவு அமைதியாக இருந்தாலும், உலகம் ஆபத்தானது, யாரையும் நம்ப முடியாது என்ற எண்ணம் கூடுதலாக இருந்தது. ஒரே ஒரு நிகழ்ச்சி மனதை மாற்றுவதில்லை, வருடக்கணக்காகப் பார்ப்பது படியப் படிய மாற்றுகிறது என்பது அவர் வாதம். சொட்டு நீர் பாய்ச்சுவது மாதிரி, ஒரு சொட்டைப் பார்த்தால் ஒன்றும் இல்லை, ஒரு சீசன் போனால் வேர் வரை ஈரம்.

சரி, இப்போது ஒரு நியாயமான சந்தேகம் வர வேண்டும். செய்தி பார்ப்பதால் வெறுப்பு வருகிறதா, அல்லது ஏற்கெனவே வெறுப்பு உள்ளவர்கள் அதற்கேற்ற சேனலைத் தேடிப் பார்க்கிறார்களா? மாம்பழ சீசனில் நம் ஊரில் ஃபேன் விற்பனையும் கூடும். மாம்பழம் சாப்பிட்டதால் யாரும் ஃபேன் வாங்கவில்லை, இரண்டுக்கும் காரணம் வெயில். அமெரிக்காவில் ஃபாக்ஸ் நியூஸ் பார்ப்பவர்கள், சி.பி.எஸ். பார்ப்பவர்களைவிட, ஆவணமில்லாத குடியேறிகளுக்குச் சட்ட அந்தஸ்து தருவதை எதிர்க்க சுமார் 9 சதவீதப் புள்ளி அதிக வாய்ப்பு உள்ளவர்கள் என்று ஒரு ஆய்வு சொன்னது. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில், பொதுத்துறைத் தொலைக்காட்சியில் செய்தி பார்ப்பவர்களைவிடத் தனியார் சேனலில் பார்ப்பவர்களுக்குக் குடியேறிகள் மீது எதிர்மறை எண்ணம் கூடுதலாக இருந்தது. இதெல்லாம் இரண்டும் சேர்ந்து இருப்பதைக் காட்டுகிறது. எது காரணம், எது விளைவு என்பதை இது மட்டும் சொல்லிவிடாது. இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளாமல் "டிவி பார்த்துத்தான் ஜனங்க கெட்டுப்போறாங்க" என்று சொல்வது அரைகுறை.

காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால், யார் எந்தச் சேனல் பார்ப்பது என்பதை ஆட்களின் விருப்பத்துக்கு விடாமல் வேறு ஏதாவது தீர்மானித்திருக்க வேண்டும். அப்படி ஒரு அபூர்வமான வாய்ப்பு கிழக்கு ஜெர்மனியில் கிடைத்தது. 1989 வரை அது கம்யூனிச நாடு, ஆனால் பெரும்பாலான வீடுகளில் ஆன்டெனாவைத் திருப்பினால் மேற்கு ஜெர்மனி டிவி கிடைக்கும். டிரெஸ்டன் நகரம் இருக்கும் பள்ளமான பகுதிக்கும், வடகிழக்கு மூலைக்கும் மட்டும் அலை எட்டவில்லை. 'ஒன்றும் அறியாதவர்களின் பள்ளத்தாக்கு' என்றே அதற்குக் கேலிப் பெயர் வைத்திருந்தார்கள். யாருக்கு டிவி கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதை மலையும் தூரமும் முடிவு செய்தன, அவரவர் மனப்பான்மை அல்ல. மேற்கு டிவியில் வெளிநாட்டவர்கள் அடிக்கடி தோன்றுவார்கள். நாடு ஒன்றான பிறகு, 1998 முதல் 2013 வரை நடந்த தேசியத் தேர்தல்களைப் பார்த்தால், அந்த டிவி கிடைத்த பகுதிகளில் வலதுசாரிக் கட்சிகளுக்கு ஓட்டுப் போடும் போக்கு குறைவாக இருந்தது என்று கண்டுபிடித்தார்கள். அதாவது செய்தி ஊடகம் வெறுப்பைக் கூட்டவும் முடியும், குறைக்கவும் முடியும். திரையில் முன்பின் தெரியாத முகங்களைச் சாதாரணமாக, அன்றாடம் பார்த்துப் பழகுவதேகூட ஒரு வகைப் பழக்கம்தான்.

2015 செப்டம்பரில் துருக்கிக் கடற்கரையில் ஒதுங்கிக் கிடந்த சிரியா நாட்டுக் குழந்தை ஆலன் குர்தியின் படம் உலகத்தை உலுக்கியது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த வாரம் ஐரோப்பாவில் அகதிகளுக்காகக் குவிந்த உதவியும், சில மாதங்கள் கழித்து, புத்தாண்டு இரவில் ஜெர்மனியின் கொலோன் நகரில் பெண்கள் தாக்கப்பட்ட செய்திக்குப் பிறகு திரும்பிய காற்றும், செய்தியால் வரும் பரிவு எவ்வளவு வேகமாக வருகிறதோ அவ்வளவு வேகமாகப் போகவும் கூடும் என்று காட்டின.

இதெல்லாம் ஆசிரியர் குழு உட்கார்ந்து முடிவெடுக்கும் ஊடகங்கள். ஃபோனுக்கு வரும் செய்திக்கு அந்த வடிகட்டியும் கிடையாது. 2012 ஆகஸ்டில் பெங்களூரில் வடகிழக்கு மாநிலத்தவர் தாக்கப்படப் போகிறார்கள் என்று எஸ்.எம்.எஸ். வதந்தி கிளம்பி ஆயிரக்கணக்கானவர்கள் குவாஹாட்டி ரயிலில் அடித்துப் பிடித்து ஏறினார்கள், ஒரு நாளைக்கு 5 எஸ்.எம்.எஸ்.களுக்கு மேல் மொத்தமாக அனுப்பக் கூடாது என்று மத்திய அரசே தற்காலிகமாகத் தடை போட வேண்டியதாயிற்று. 2018-ல் "வடமாநிலக் குழந்தை கடத்தல் கும்பல் இறங்கியிருக்கிறது" என்ற வாட்ஸ்அப் குரல் பதிவு நம் ஊர் குழுக்களிலெல்லாம் சுற்றியது. அந்த மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் அத்திமூரில் குழந்தைகளுக்கு சாக்லெட் கொடுத்த ஒரு மூதாட்டியை ஊரே சேர்ந்து அடித்துக் கொன்றது. அவர் சென்னையிலிருந்து குலதெய்வக் கோயில் தேடி வந்த தமிழ்ப் பெண். வடக்கத்தியர் மீதான பயம் என்று தொடங்கியது, கடைசியில் யார் என்றே பார்க்கவில்லை. அந்த வருடம் ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை 5 பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி மாற்றியது.

அப்படியானால் நேரில் பழகினால் சரியாகிவிடுமா? கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954-லேயே பழக்கம் வெறுப்பைக் குறைக்கும் என்று சொன்னார், ஆனால் நிபந்தனையோடு. இரண்டு பேருக்கும் சம அந்தஸ்து வேண்டும், ஒரே இலக்குக்காகச் சேர்ந்து வேலை செய்ய வேண்டும், மேலே இருப்பவர்கள் அதை ஆதரிக்க வேண்டும். 2006-ல் 500-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அந்த நிபந்தனைகள் முழுதாக இல்லாத இடத்திலும் பழக்கம் ஓரளவு உதவுகிறது என்று தெரிந்தது. எங்கள் பக்கத்தில் நடப்பதைப் பாருங்கள். கம்பெனிக்குப் பின்னால் தகர ஷீட் போட்ட லைன் வீட்டில் ஒரு அறைக்கு எட்டுப் பேர், ஷிப்ட் முடிந்தால் அங்கேயே சமையல், ஞாயிற்றுக்கிழமை மட்டும் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை. கூட்டம் கூட்டமாகக் கண்ணில் படுகிறார்கள், ஒரு வார்த்தை பேசியது கிடையாது. பார்ப்பது வேறு, பழகுவது வேறு. பழக்கமில்லாமல் தினமும் கண்ணில் மட்டும் படும் ஆட்களைப் பற்றித்தான் செய்தி வரையும் படம் மிக ஆழமாகப் பதிகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் பக்கத்து வீட்டு அக்கா விஷயத்தில் அந்த ராத்திரி ஒரு ராத்திரியோடு முடிந்தது, மறுநாள் காலையில் "அண்ணா பந்த்ரா?" என்று அப்பா வந்து சேர்ந்ததைக் கேட்க அவரே கதவைத் தட்டினார். கறிவேப்பிலைப் பழக்கம் இல்லாத வீடாக இருந்தால் அந்தக் கதவு எத்தனை நாள் சாத்தியிருக்குமோ.

நான் இப்போது செய்வது ஒன்றுதான். செய்தியில் ஆளின் ஊரையோ மொழியையோ போட்டிருந்தால், அந்த இடத்தில் 'தருமபுரி' என்று வைத்து ஒருமுறை படித்துப் பார்ப்பேன். "தருமபுரி வாலிபர்கள் கைது" என்று பெங்களூர் பேப்பரில் வந்தால் எனக்குச் சுருக்கென்று படுமா? படும் என்றால் அந்த ஊர்ப்பெயர் அந்தச் செய்திக்குத் தேவையா என்று யோசிப்பேன். சில சமயம் தேவைதான், பல சமயம் இல்லை.

2023 மார்ச் முதல் வாரத்தில் இந்த முழுக் கதையும் தலைகீழாக நடந்தது, படம் நம்மைப் பற்றியது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வடக்கே வீடியோக்கள் பரவின. அதில் ஒன்று திருப்பூரில் பீகார்த் தொழிலாளர்களே இரண்டு குழுவாக மோதிக்கொண்டது, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த தகராறு என்று தமிழக டிஜிபி வீடியோவில் வந்து விளக்க வேண்டியிருந்தது. பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பிப் பார்த்தது. ஹோலிக்கு ஊருக்குப் போகும் வழக்கமான ரயில் கூட்டத்தைக்கூட உயிருக்குப் பயந்து ஓடுகிறவர்கள் என்று காட்டினார்கள்.

அந்த வாரம் டீக்கடைப் பையனுக்கு ஊரிலிருந்து அவன் அம்மா மணிக்கு ஒருமுறை ஃபோன் செய்தார். தமிழ்நாட்டை அவர் பார்த்ததே இல்லை, அவருக்குத் தெரிந்த தமிழ்நாடு அந்த வீடியோதான். "நன்றாக இருக்கிறேன்" என்று அவன் சொல்வதை அவர் நம்பவில்லை, மிரட்டிச் சொல்ல வைக்கிறார்கள் என்று நினைத்தாராம். கடைசியில் அவன் வீடியோ காலில் ஃபோனைத் திருப்பி எண்ணெய்ச் சட்டியைக் காட்டினான், டீ குடித்துக்கொண்டிருந்த எங்களைக் காட்டினான், கடைக்கார அண்ணனிடம் கொடுத்தான். அண்ணனுக்கு இந்தி வராது. கையில் இருந்த டவராவைக் கீழே வைத்துவிட்டு, ஃபோனை முகத்துக்கு நேராகப் பிடித்து, "அம்மா, உங்க பையன் என் பையன் மாதிரி, பயப்படாதீங்க" என்று தமிழிலேயே சத்தமாகச் சொன்னார். அந்தப் பக்கம் அந்த அம்மா முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் மொழியில் ஏதோ சொன்னார். இப்போதும் மகனுக்கு ஃபோன் செய்யும்போதெல்லாம் முதலில் ஃபோனை அண்ணனிடம் கொடுக்கச் சொல்லி, அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் மகனோடு பேசுகிறார்.